அந்திரேயா செசல்பீனோ

நம் கல்லூரி வளவிலும் தருமபுரி நகரத்து வீட்டு முற்றங்களிலும், செந்நிறமும் பொன்னிறமும் விரவிய இதழ்களுக்கு மேலே நீண்ட கேசரங்களை நீட்டிப் பூத்து நிற்கும் மயிற்கொன்றையை அறியாதார் இலர். வேலியோரங்களில் முள் அடர்ந்து படரும் கழற்சிக்கொடியையும், அதன் சாம்பல் நிறத்துக் காய்களைக் கொண்டு சிறுமியர் ஆடும் ஆட்டத்தையும் நாம் அறிவோம். செஞ்சாயம் தரும் பதங்க மரத்தை முதியோர் அறிவர். இம்மூன்றையும் ஒரு குலத்தனவாகக் கொண்டு, மேனாட்டுத் தாவர நூலார் நெடுங்காலம் செசல்பீனியா என்னும் பெயரால் வழங்கி வந்தனர். அஃது ஓர் இத்தாலிய மருத்துவருடைய பெயர். அவர் இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர். அவர் பெயர் நம் வேலிகளில் வந்து படர்ந்த வரலாறு ஒருபுறம் இருக்க, தம் நூலிலே போகிற போக்கில் அவர் எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பு, 365 ஆண்டுகள் காரணம் காண்பார் இன்றிக் கிடந்து, பின்னர் ஒரு புதிய ஆராய்ச்சித் துறைக்கே வாயிலாய் அமைந்த வரலாறு அதனினும் வியப்புடையது. அப்பெரியாரின் வாழ்க்கையையும் அக்குறிப்பின் கதையையும் நம் மாணவர்க்கு ஒருங்கே உரைக்க விழைகின்றேன்.

இத்தாலி தேசத்தின் நடுப்பாகத்திலே தஸ்கனி என்னும் நாடு உளது. 16ஆம் நூற்றாண்டில் அது மெதீச்சி குடும்பத்தார் ஆளுகையில் இருந்தது. அந்நாட்டு அரெத்சோ நகரத்திலே அந்திரேயா செசல்பீனோ பிறந்தார். பிறந்த ஆண்டைப் பழைய நூல்கள் 1519 என்னும். பின்வந்த ஆராய்ச்சியாளர் 1524 அல்லது 1525 என்பர். பீசா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் மருத்துவமும் கற்று 1551இல் பட்டம் பெற்றார். அந்நாளில் மருத்துவமும் தாவர நூலும் இரண்டாகப் பிரிந்தில. நம் நாட்டுச் சித்த வைத்தியர் மூலிகை அறிந்தவராய் இருத்தல் எவ்வளவு இன்றியமையாததோ, அங்கும் அவ்வாறே. ஒரு மூலிகைக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் நோயாளி பிழைப்பது அரிது. ஆதலின் செடிகளைப் பிழையற அறிதல் உயிரோடு ஒட்டிய காரியமாய் இருந்தது.

செசல்பீனோவுக்கு வாய்த்த ஆசிரியர் லூக்கா கினி என்பவர். இவரைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. தாவர நூல் ஒன்றையேனும் அச்சிட்டு வெளியிடாமல், தாம் அறிந்ததையெல்லாம் மாணாக்கர் உள்ளத்திலே எழுதிச் சென்ற அருமையான ஆசிரியர் அவர். பீசாவிலே பல்கலைக்கழக மாணவர்க்கென்று மூலிகைத் தோட்டம் ஒன்றை 1540களில் அமைத்தார். உலகில் இவ்வகைத் தோட்டங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது அது. செடியை இரு தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி, உலர்த்தி, ஏட்டில் ஒட்டிப் பாதுகாக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே என்பர். மாரிக்காலத்தில் தழைத்துக் கோடையில் மறையும் ஒரு செடியை ஆண்டு முழுவதும் கண்ணெதிரே வைத்து ஆராயலாம் என்பது அக்காலத்தில் எத்தனை பெரிய வசதியாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று நம் மாணவர் பழைய செய்தித்தாள்களின் மேல் செங்கல் அடுக்கிச் செடி உலர்த்துவதும் கினியின் வழிமுறையே.

கினி பீசாவை விட்டு நீங்கியபின், அவருடைய ஆசனத்திலும் தோட்டத்திலும் செசல்பீனோ அமர்ந்தார். சில ஆண்டுகள் தோட்டத்தை நேரே மேற்பார்த்தார். அதன்பின்னும் பீசாவிலே முதலில் மூலிகை நூலையும் பின்னர் மருத்துவத்தையும் 1592 வரை கற்பித்து வந்தார். 1581இல் கலிலேயோ மருத்துவம் பயில வந்து அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அங்கே இருந்த பேராசிரியருள் செசல்பீனோவும் ஒருவர்.

1563ஆம் ஆண்டில் அவர் ஒரு காரியம் செய்தார். போர்கோ சான் செப்போல்க்ரோ என்னும் ஊரின் மேற்றிராணியாராகிய அல்போன்சோ தோர்னபுவோனி என்பவருக்காக, 768 செடிகளை உலர்த்தி ஏடுகளில் ஒட்டி ஒரு தொகுதியாக்கிக் கொடுத்தார். அத்தொகுதி இன்றும் பிளாரன்ஸ் நகரத்து இயற்கைநூற் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. பூச்சி அரிப்புக்கும் ஈரத்துக்கும் தப்பி நான்கரை நூற்றாண்டு நின்றது ஒரு சிறப்பு. அதனினும் பெரிய சிறப்பு அதன் வரிசை முறை. அந்நாளில் செடிகளைத் தொகுப்பவர் அகரவரிசையிலோ, இது காய்ச்சலுக்கு, இது புண்ணுக்கு என்று பயன் நோக்கியோ அடுக்குவது வழக்கம். செசல்பீனோ ஒன்றோடொன்று உறவுடையன என்று தமக்குத் தோன்றிய செடிகளை அடுத்தடுத்து வைத்தார். அதே 1563இல்தான், கடல் கடந்து நம் நாட்டுக் கோவாவிலே, கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர் இந்திய மூலிகைகளைப் பற்றித் தம் நூலை அச்சிட்டார் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும். மேற்கிலும் கிழக்கிலும் ஒரே காலத்தில் செடிகள் ஏட்டில் ஏறத் தொடங்கின.

இருபது ஆண்டு கழித்து, 1583இல், செசல்பீனோவின் பெருநூல் பிளாரன்சில் வெளிவந்தது. 'செடிகளைப் பற்றிப் பதினாறு புத்தகங்கள்' என்பது அதன் பெயர்ப்பொருள். இலத்தீன் மொழியில் அமைந்தது; தஸ்கனிப் பெருங்கோமகனாகிய முதலாம் பிரான்செஸ்கோவுக்கு உரிமை செய்யப்பட்டது. நம் தமிழ் மொழி இந்திய மண்ணிலே முதன்முதல் கொல்லத்தில் அச்சேறியது 1578இல். ஆகவே தமிழ் அச்சுக்கு ஐந்தாண்டு இளையது இந்நூல் என்று நாம் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதில் ஏறத்தாழ 1500 செடிகள் கூறப்பட்டுள்ளன. தொகையினும் சிறந்தது முதற்புத்தகத்திலே அவர் எழுப்பிய கேள்வி. ஒரு செடி மற்றொன்றுக்கு உறவு என்பதை எதைக் கொண்டு துணிவது? மணமா, சுவையா, இலையின் வடிவா, மருந்தாகும் குணமா? இவையெல்லாம் நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவன என்று அவர் தள்ளினார். அரிஸ்டாட்டிலின் வழியில் நின்றவர் ஆதலால், செடிக்கு உணவு கொள்ளுதல், தன் இனத்தைப் பெருக்குதல் என்னும் இரண்டே தொழில் உள என்றும், பெருக்கும் தொழிலுக்குரிய கனியும் விதையுமே உறவை அறிய உறுதியான அடையாளம் என்றும் கொண்டார்.

நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே இதனை விளக்கலாம். கொத்துமல்லி விதையைத் தேய்த்தால் இரண்டு பிளவாய்ப் பிரியும். சீரகமும் சோம்பும் அவ்வாறே பிரியும். மூன்றின் பூங்கொத்தும் குடைபோல் விரியும். துளசியையும் தும்பையையும் எடுத்து உலர்ந்த பூவின் அடியைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் நான்கு சிறு விதைகள் இருக்கும். அவரையும் துவரையும் உளுந்தும் நெற்றாய்க் காய்த்து இரு பக்கமும் வெடிக்கும். மணத்தாலும் பயனாலும் வேறுபட்ட இவற்றை விதையும் கனியும் உறவாக்குகின்றன. செசல்பீனோ தம் நாட்டுச் செடிகளில் இம்முறையால் வகுத்த கூட்டங்கள் சில இன்றளவும் கலையாது நிற்கின்றன.

அவர் எல்லாவற்றிலும் வென்றார் என்று சொல்வதற்கில்லை. மரம் வேறு, பூண்டு வேறு என்று முதலிலேயே பிரித்துவிட்டமையால், நெற்றுக் காய்க்கும் மரம் ஒரு பக்கமும் நெற்றுக் காய்க்கும் பூண்டு மற்றொரு பக்கமும் போயின. அகத்தியையும் பாசிப்பயற்றையும் இரு வீட்டில் வைத்தாற்போல் ஆயிற்று. பூவிலுள்ள கேசரத்தின் தொழிலை அவர் அறியவில்லை. அது 1694இல் காமரேரியுஸ் என்னும் ஜெர்மானியர் வெளிப்படுத்தியது. வேரும் தண்டும் கூடும் இடத்திலே செடியின் இருதயம் இருக்கின்றது என்று நம்பினார். நூலில் ஒரு படமேனும் இல்லை என்பது மற்றொரு குறை. படம் நிறைந்த மூலிகை நூல்களைப் புரட்டிப் பழகிய மருந்துக்கடைக்காரர்க்கு, படமில்லாத இலத்தீன் நூல் எட்டிக்காயாய் இருந்தது. ஆயினும் பின்வந்த லின்னேயுஸ் முறையாகச் செடிகளை வகுத்தவருள் இவரையே முதல்வர் என்று போற்றினார்.

இனி, மேலே கூறிய சிறு குறிப்புக்கு வருவோம். தைபர் ஆறு உரோமாபுரி வழியாக ஓடுவதை யாவரும் அறிவர். அதன் மேற்பகுதி தஸ்கனி நாட்டில் உள்ளது. அரெத்சோவிலிருந்து வெகு தொலைவன்று. அப்பள்ளத்தாக்கிலே கறுத்த கற்கள் நிறைந்த வறட்டுக் குன்றுகள் உள. காடும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த நாட்டின் நடுவே அவை மொட்டையாய், சொறி பிடித்தவைபோல் நிற்றலால், அங்குள்ளோர் அவற்றைச் சொறிமலைகள் என்றே பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். மேற்றிராணியார் தோர்னபுவோனியின் ஊர் அப்பள்ளத்தாக்கிலேயே இருந்தது. அக்கறுங்கற்களின் மேல் வளரும் ஒரு சிறு செடியைச் செசல்பீனோ தம் நூலிலே விவரித்தார். சாம்பல் படிந்த சிற்றிலை, மஞ்சட்பூ, கடுகின் இனம். அதனை விவரித்ததோடு நில்லாது, அது வளரும் இடம் மேல்தைபர்க் கறுங்கற்கள் என்பதையும் சேர்த்து எழுதினார். அவ்வளவுதான். ஏன் அங்கே வளர்கின்றது என்று அவர் ஆராயவில்லை. கல்லைக் கூறுபடுத்தி அறியும் இரசாயனம் அப்போது தோன்றவில்லை. 1596இல் உலோகங்களையும் கற்களையும் பற்றி அவரே ஒரு நூல் எழுதினார் என்பதும், செடி நூலையும் கல் நூலையும் இணைக்கும் பாலம் அவர் காலத்தில் கட்டப்படவில்லை என்பதும் எண்ணுதற்குரியன.

மருத்துவத் துறையிலும் அவர் பெயர் நிலைத்தது. 1571இல் வெளிவந்த தத்துவ நூலிலும் பின்னர் எழுதிய மருத்துவ நூலிலும், இரத்தக் குழாய்களுக்கெல்லாம் இருதயமே மூலம் என்று வாதித்தார். கையை இறுகக் கட்டினால், கட்டுக்கு அப்பால், விரல் இருக்கும் பக்கத்திலேயே நரம்பு புடைப்பதை, இரத்தம் வாங்கும் மருத்துவர் எல்லாரும் நாள்தோறும் கண்டனர். இரத்தம் இருதயத்திலிருந்து புறப்பட்டுச் செல்வதொன்றே உண்மையாயின், புடைப்பு மற்றப் பக்கத்தில் அன்றோ இருக்கவேண்டும் என்று செசல்பீனோ வினவினார். இரத்தச் சுற்றோட்டத்தை முதலிற் கண்டவர் அவரே என்று இத்தாலியர் சாதிப்பதுண்டு. 1628இல் ஹார்வி சோதனைகளால் ஐயமற நிறுவியதற்கு அது ஈடாகாது என்பதே என் எண்ணம்; ஆயினும் வாயிலைத் தட்டியவர் என்னும் பெருமையை அவருக்கு மறுத்தல் நியாயமன்று.

1592இல் எட்டாம் கிளமெந்து பாப்பரசர் அவரைத் தம் மருத்துவராக அழைத்துக்கொண்டார். முதுமையில் உரோமாபுரி சென்று, அங்குள்ள சப்பியென்சா பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். அரிஸ்டாட்டிலை அவர் உரைத்த முறை கடவுள் நம்பிக்கைக்கு மாறானது என்று ஜெர்மனியிலிருந்து தௌரெல்லுஸ் என்பவர் 1597இல் ஒரு நூலே எழுதித் தாக்கினார். செசல்பீனோ என்னும் பெயரில் ஆல்ப்ஸ் மலையின் ஒலி இருப்பதைப் பற்றிக்கொண்டு, அம்மலை வெட்டி வீழ்த்தப்பட்டது என்று சிலேடையாகத் தம் நூலுக்குப் பெயரிட்டார். கற்றோர் சண்டையிலும் இத்தகைய சொல்விளையாட்டு இருந்தது போலும். பாப்பரசரின் மருத்துவரை அத்தாக்குதல் அசைக்கவில்லை. 1603இல் அவர் உரோமாபுரியில் உயிர் நீத்தார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1703இல், சார்ல்ஸ் ப்ளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி அமெரிக்கத் தீவுகளில் தாம் கண்ட புதிய குலங்களுக்குப் பழைய தாவர நூலாரின் பெயர்களை இட்டபோது, ஒன்றுக்குச் செசல்பீனியா என்று பெயரிட்டார். லின்னேயுஸ் 1753இல் அதனை ஏற்றுக்கொண்டார். நம் மயிற்கொன்றைக்கும் கழற்சிக்கும் பதங்கத்துக்கும் அப்பெயர் வந்த வழி இதுவே.

கறுங்கற் குன்றின் செடியோ அவ்விடத்திலேயே இருந்தது. பிற்காலத்தார் அதனை அலிஸ்ஸம் என்னும் குலத்தில் சேர்த்து, பெர்ட்டோலோனி என்னும் பொலோஞா நகரத்துத் தாவர நூலார் பெயரை அதற்கு இட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் சிலர், இவ்வகைக் கல்நிலங்களுக்கே உரிய செடிகள் பல உள என்று கண்டு தொகுத்தனர். அக்கல்லின் பெயர் செர்ப்பன்டைன். பாம்பின் தோல்போலப் பசுமையும் கருமையும் விரவித் தோன்றலால் அப்பெயர் பெற்றது. நாம் அரவக்கல் என்று தமிழ் செய்துகொள்வோம். பிளாரன்ஸ் நகரத்துப் பெருங்கோயிற் சுவர்களில் வெண்பளிங்கோடு மாறிமாறி வரும் கரும்பச்சைப் பட்டைகள் இக்கல்லே. நிலத்தின் ஆழத்திலிருந்து எழுந்த, மக்னீசியம் மிக்க கரும்பாறைகளில் நீர் புகுந்து வினை புரிவதால் இது உண்டாகின்றது.

கோயிற் சுவருக்கு அழகு செய்யும் அக்கல், பயிருக்குக் கூற்றுவன். அது பொடிந்து ஆகும் மண்ணிலே மக்னீசியம் மிகுதி, சுண்ணச்சத்தோ குறைவு. சாம்பற்சத்து, மணிச்சத்து, தழைச்சத்து மூன்றும் அருகியே இருக்கும். நிக்கல், குரோமியம், கோபால்ட்டு ஆகிய உலோகங்கள் செடிக்கு நஞ்சாகும் அளவில் கலந்திருக்கும். மண்ணும் ஆழமற்றது, விரைவில் காய்வது, கறுத்திருத்தலால் வெயிலில் கொதிப்பது. இத்தனை இடையூறுகளையும் தாங்கும் உடலமைப்பைப் பெற்ற செடியே அங்கே பிழைக்கும். அப்படியாயின் அச்செடி நல்ல நிலத்தில் இன்னும் செழிக்கவேண்டுமே, அங்கே ஏன் காணப்படவில்லை? கலிபோர்னியாவில் கிரக்கெபர்க் என்பவர் 1950களில் செய்த சோதனைகள் இதற்கு விடை கூறின. தனியே நட்டால் அரவக்கற் செடிகள் பல நல்ல மண்ணிலும் வளர்கின்றன. மற்றச் செடிகளோடு கூட நட்டால் அவற்றால் நெருக்குண்டு மடிகின்றன. எனவே கறுங்கல் அவற்றுக்குச் சிறையும் ஆகும், அரணும் ஆகும். கலிபோர்னியாவில் இந்நிலம் நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. அம்மாநிலத்துக்கே உரிய செடிவகைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவை அங்கேயே அடங்கியுள்ளன.

1948ஆம் ஆண்டிலே பிளாரன்சைச் சேர்ந்த கார்லோ மிங்குத்சி, ஒர்னெல்லா வெர்ஞானோ என்னும் இருவர், செசல்பீனோவின் செடியை எரித்துச் சாம்பலைச் சோதித்தனர். சாதாரணச் செடியின் உலர்ந்த இலையில் நிக்கல் பத்து இலட்சத்தில் சில பங்கே இருக்கும். இச்செடியின் உலர்ந்த இலையிலோ ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கும், சாம்பலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையும் இருந்தது! நஞ்சை ஒதுக்கி வாழ்வதாக எண்ணப்பட்ட செடி, நஞ்சையே இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்கின்றது என்பது வெளியாயிற்று. அன்று தொடங்கிய தேட்டத்தால், நிக்கலை இவ்வாறு சேர்க்கும் செடிவகைகள் உலகில் 500க்கு மேல் காணப்பட்டுள்ளன. நியூ கலிடோனியா என்னும் தீவிலே ஒரு மரத்தை வெட்டினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்நிறம் நிக்கலால் ஆனது. இலையிலுள்ள உலோகம் சிலவற்றுக்குப் பூச்சிகளைத் தடுக்கும் காப்பாகவும் பயன்படுகின்றது. இத்தகைய செடிகளைப் பயிராக்கி, எரித்து, சாம்பலிலிருந்து உலோகம் எடுக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன.

இவையெல்லாம் எங்கோ நடப்பன, நமக்கு என்ன என்று நினைக்கவேண்டா. இலங்கையின் தென்கரையிலே அம்பலாந்தோட்டைக்கு அருகில் உஸ்ஸங்கொட என்னும் இடம் உளது. 2010இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. செம்மண் மேட்டிலே மரமின்றி, தரையோடு ஒட்டிய குறும்பூண்டுகள் மட்டும் வளரும் அரவக்கல் நிலம் அது. 2002இல் வெளிவந்த ஆராய்ச்சி, அங்கே நிக்கலைச் சேர்க்கும் செடிகளாக எவற்றைக் கூறியது தெரியுமா? விஷ்ணுகிரந்தியும் ஓரிதழ்த்தாமரையும் அவற்றுள் இரண்டு. நம் பாட்டிமார் பறித்துவரும் மருந்துப் பூண்டுகளே! இத்தாலியிலும் கலிபோர்னியாவிலும் போல உஸ்ஸங்கொடவுக்கே உரிய செடிகள் என்று ஒரு கூட்டம் அங்கு இல்லை. பிற நிலங்களிலும் வளரும் செடிகளே அந்நிலத்தில் தங்கள் தன்மையை மாற்றிக்கொண்டு நிற்கின்றன. நல்ல நிலத்து ஓரிதழ்த்தாமரையும் அரவக்கல் நிலத்து ஓரிதழ்த்தாமரையும் கண்ணுக்கு ஒன்றே. உள்ளே கொண்டிருப்பது வேறு. மருந்துக்குப் பறிப்பவர் இடம் அறிந்து பறிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாய் இருந்தது. அப்பழைய சேலம் மாவட்டம் இவ்வகைக் கற்களுக்குப் பேர்போனது. சேர்வராயன் மலையடியிலே சேலத்துக்கு வடக்கே ஆங்கிலேயர் சாக்குக்கட்டி மலைகள் என்று தவறாகப் பெயரிட்ட குன்றுகளில், வெள்ளைக்கல் என்று நம் மக்கள் சொல்லும் மாக்னசைட்டு வெட்டி எடுக்கப்படுகின்றது. அவ்வெண்மைக்குத் தாயாகிய பாறை கருமையானது. டியூனைட்டு என்பது அதன் பெயர். அரவக்கல்லுக்கும் அதுவே தாய்ப்பாறைகளுள் ஒன்று. வெண்ணரம்புகள் ஓடும் அக்கரும்பாறையைச் சுரங்க ஓரத்தில் எவரும் காணலாம். நம் மாவட்டத்திலேயே ஒகேனக்கல் பக்கத்து மலைகளில், 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பைராக்சினைட்டு என்னும் பாறை காணப்படுகின்றது; அதுவும் மக்னீசியம் மிக்க அக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

இங்கே என் சொந்தப் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மாணவனாய் இருந்த நாளில், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையோரத்தில் செடிகள் பறித்து உலர்த்தி, ஐம்பது ஏடு கொண்ட ஒரு தொகுதி செய்தேன். அதில் ஓரிதழ்த்தாமரையும் ஒன்று. பெயர், குலம், நாள் யாவும் அழகிய எழுத்தில் எழுதியிருந்தேன். நிலம் என்று தலைப்பிட்ட கட்டத்தை ஐம்பது ஏட்டிலும் வெறுமையாக விட்டிருந்தேன். மதிப்பெண் குறையவில்லை, கேட்பாரும் இல்லை. உஸ்ஸங்கொடவைப் பற்றிப் படித்த அன்று, பரண்மேல் கிடந்த அத்தொகுதியை இறக்கி அந்த ஏட்டைத் தேடி எடுத்தேன். இலை பழுத்துப் பொடியாகியிருந்தது. ஆயினும் செடி அடையாளம் தெரிந்தது. அது செம்மண்ணில் நின்றதா, கரும்பாறை இடுக்கில் நின்றதா என்பதை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர இயலவில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தையே பூவால் பெயரிட்டு அழைத்த மொழியில் பிறந்தவனுக்கு இது நேர்ந்தது. இரசாயனமே அறியாத 16ஆம் நூற்றாண்டு மனிதர் கறுங்கல் என்று ஒரு சொல் எழுதினார். அச்சொல்லைக் கைப்பற்றிக்கொண்டு பின்வந்தார் அக்குன்றுக்கே சென்று அச்செடியையே பறிக்க முடிந்தது.

இவ்வாண்டு நம் கல்லூரியில் செடி தொகுக்கும் மாணவர் ஒகேனக்கல்லுக்கும் சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளின் புறத்துக்கும் செல்வதாயின், செடியின் வேரோடு ஒட்டிய மண்ணில் ஒரு சிட்டிகையையும் தாளில் மடித்துக் கொண்டுவரும்படி வேண்டுகின்றேன். கல்லின் நிறத்தை எழுதுவதற்கு வகுப்பறை இரசாயனமும் வேண்டா.

பெயர்களைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 2016இல் அறிஞர் செசல்பீனியா குலத்தை மீண்டும் ஆராய்ந்து பலவாகப் பிரித்தனர். கழற்சி கிலாந்தினா என்னும் குலத்துக்கும், பதங்கம் பியான்கேயா என்னும் குலத்துக்கும் போயின. கறுங்கற் குன்றின் அலிஸ்ஸமும் ஒடொந்தரேனா என்னும் வேறு குலத்துக்கு மாற்றப்பட்டது. பெர்ட்டோலோனியின் பெயர் மட்டும் அதனை விட்டு நீங்கவில்லை. செசல்பீனோவின் பெயரோடு இன்னும் நம் வளவில் நிற்பது மயிற்கொன்றை ஒன்றே.